நன்செய்க்கு நடுவே மனைக்கல்: வாசகர் கேள்வி – பதில்

நகரத்தை ஒட்டிய வயல், ஏரி, வாய்க்கால் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். சட்டம் தமிழ்நாட்டுக்கு உரியது. சர்வே எண் தெரியாமல் எந்த மனுவும் நகராது என்பதால், படிக்கும்போதே உங்கள் ஊர் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏரிப் பாசனத்தில் நடுவயலாக இருந்த ஆறு ஏக்கரை ஒருவர் வாங்கி, வரப்புகளைத் தட்டி, மனைக்கல் நட்டுவிட்டார். "அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது" என்கிறார். இனித் தடுக்க முடியுமா?
– உத்திரமேரூர் பக்கத்து விவசாயி

கல் நட்டால் மனை ஆகிவிடாது. அனுமதி வருவதற்கு முன்பு நீங்கள் எழுதும் ஒரு பக்கத்துக்கு இருக்கும் பலம், அனுமதி வந்த பிறகு போடும் வழக்குக்குக்கூட இருப்பதில்லை. அதனால் இந்த வாரமே தொடங்குங்கள்.

முதலில், உங்கள் கிராமம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியா, இல்லாத பகுதியா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். திட்டம் இருந்தால், அந்தச் சர்வே எண் எந்த உபயோக மண்டலத்தில் வருகிறது என்பதே கேள்வி. வேளாண் மண்டலம் என்றால், மண்டலத்தை மாற்றாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடையாது. திட்டம் இல்லாத பகுதியென்றால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் அதன் கீழ் 2017-இல் வந்த நில உபயோக மாற்ற விதிகளும் பொருந்தும். உள்ளாட்சி தானாக அனுமதி தர முடியாது. நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும். நன்செய்யாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும், புன்செய்யாக இருந்தால் வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கேட்க வேண்டும். ஆக, உங்கள் மனு போக வேண்டிய இடம் ஊராட்சித் தலைவர் வீடு அல்ல. ஆட்சியர், வேளாண் இணை இயக்குநர், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலர், நீர்வளத் துறை உதவிச் செயற்பொறியாளர் ஆகிய நால்வருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனுவோடு மூன்று பதிவேடுகளை வையுங்கள். அ-பதிவேட்டில் அந்த எண் நன்செய் என்பதும் எந்த ஏரிப் பாசனம் என்பதும் இருக்கும். புல வரைபடத்தில் எல்லையும், உள்ளே ஓடும் வாய்க்காலும் இருக்கும். மூன்றாவது அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் பசலியில் என்ன பயிர் என்று அதில்தான் தெரியும். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும்.

அடங்கலில்தான் பல ஊர்கள் தோற்கின்றன. நிலத்தை வாங்கியவர் நான்கைந்து ஆண்டு சும்மா போட்டுவைப்பார். அடங்கலில் "தரிசு" என்று ஏறிக்கொண்டே வரும். பிறகு அதே அடங்கல் "இங்கே விவசாயம் இல்லை" என்பதற்குச் சான்றாகக் கோப்பில் உட்காரும். எனவே பத்து ஆண்டு அடங்கல் நகல் கேட்டு வாங்குங்கள். பழைய பசலிகளில் நெல் இருந்ததையும், சுற்றியுள்ள எண்களில் இன்றும் நெல் இருப்பதையும் காட்டுங்கள். சொந்த நிலத்தின் பதிவு தவறாக இருந்தால் ஜமாபந்தியில், அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில், மனு கொடுத்துத் திருத்துங்கள்.

இன்னொரு வேலையும் நடக்கும். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 10,000 சதுர மீட்டர் வரை அந்த இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 74 சென்ட். ஆறு ஏக்கர் திடீரென்று எழுபது எழுபது சென்டாகப் பல பெயர்களில் பதிவாகியிருந்தால் காரணம் புரிந்துவிடும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, துண்டுகள் எல்லாம் ஒரே மனைப்பிரிவு என்பதை மனுவில் பட்டியலாகக் காட்டுங்கள்.

சார்பதிவாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாத நிலத்தை வீட்டுமனையாக எழுதும் பத்திரத்தை அவர் பதிவு செய்யக் கூடாது. "பழைய மனை, வரன்முறை செய்துவிட்டோம்" என்று சொன்னால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: 20.10.2016-க்கு முன்பு அந்தப் பிரிவில் ஒரு மனையாவது பதிவுப் பத்திரத்தில் விற்றிருக்கிறதா? இல்லையென்றால் 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் அதற்குப் பொருந்தாது.

பக்கத்து வயலை மூன்றடி உயர்த்திவிட்டார்கள். மழை பெய்தால் என் வயலில் பத்து நாள் தண்ணீர் நிற்கிறது. "என் இடம், நான் மண் கொட்டுகிறேன்" என்கிறார்.
– திருவள்ளூர் மாவட்ட வாசகி

கணக்கைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றடி உயர்த்த 1,30,680 கன அடி மண், அதாவது 1,306 யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்). மூன்று யூனிட் டிப்பரில் 435 நடை. மண் அமுங்குவதையும் சேர்த்தால் ஐந்நூறைத் தொடும். மறுபக்கம், வரப்புக்குள் அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டர் தண்ணீர் தேக்கும் ஒரு ஏக்கர் வயல் ஆறு லட்சம் லிட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. மண் கொட்டியதும் அந்த ஆறு லட்சம் லிட்டர் உங்கள் வயலைத் தேடி வருகிறது.

இதில் முதல் வேலை, அடைபட்ட வாய்க்கால் யாருடையது என்று கண்டுபிடிப்பது. புல வரைபடத்தில் அதற்குத் தனிச் சர்வே எண் அல்லது உட்பிரிவு இருந்து, அ-பதிவேட்டில் "வாய்க்கால் புறம்போக்கு" என்றிருந்தால் அது அரசு நிலம். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்து 6-ஆம் பிரிவில் அகற்ற வேண்டியது வட்டாட்சியர் கடமை. நீங்கள் வழக்குப் போட வேண்டியதில்லை. நில அளவர் அளந்து காட்ட வேண்டும் என்று மனு கொடுத்தால் போதும்.

பட்டா நிலத்துக்குள் ஓடிய வயல்வாய்க்கால் என்றால் வழி வேறு. அது உரிமையியல் நீதிமன்ற வழக்கு. 20 ஆண்டுகள் இடையூறின்றித் தண்ணீர் போய்வந்திருந்தால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். வழக்கோடு முதல் மனுவாக, இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையரின் நியமனம் கேளுங்கள். தண்ணீர் நிற்கும்போதே அவர் வந்து அளந்து எழுதும் அறிக்கைதான் பிறகு வழக்கைத் தாங்கும். மார்ச் மாதம் வந்தால் வெடித்த மண்ணைத்தான் பார்ப்பார்.

லாரிகள் இன்னும் வந்துகொண்டிருந்தால், மண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சவுடு மண் எடுக்கவும் அனுமதி வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் நடைச்சீட்டு இருக்க வேண்டும். வண்டி எண், தேதி, நேரம் குறித்துக் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கு அனுப்பினால், வயல் தகராறைவிட இது வேகமாக நகரும்.

சமரசமாக, "சாலைக்கு அடியில் குழாய் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். ஏமாறாதீர்கள். மூன்றடி அகலம், இரண்டடி ஆழ வாய்க்காலின் குறுக்குப் பரப்பு 6 சதுர அடி. ஓரடி விட்டமுள்ள குழாயின் பரப்பு 0.8 சதுர அடிகூட இல்லை. அந்த வாய்க்காலுக்கு ஈடாக எட்டுக் குழாய் வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள், அதுவும் முதல் அறுவடைக்குப் பிறகு வைக்கோலும் சேறும் அடைத்துக்கொள்ளும். வாய்க்காலின் முழு அகலத்துக்குச் சிறுபாலம், அடிமட்டம் பழைய வாய்க்கால் மட்டத்திலேயே, மேல்மூடி கழற்றித் தூர்வாரும்படி – இதற்குக் குறைந்து எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

டெல்டா "பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்" ஆகிவிட்டதே, பிறகு எப்படித் தஞ்சாவூரைச் சுற்றி இவ்வளவு மனை?
– கும்பகோணம் வாசகர்

2020-ஆம் ஆண்டுச் சட்டம் மனைப்பிரிவைப் பற்றிப் பேசவே இல்லை. அதன் அட்டவணை தடுப்பது துத்தநாகம், தாமிரம், அலுமினிய உருக்காலைகள், இரும்புத்தாது பதப்படுத்தும் ஆலை, ஒருங்கிணைந்த எஃகு ஆலை, தோல் தொழிற்சாலை, கப்பல் உடைப்பு, எண்ணெய் – எரிவாயு – நிலக்கரிப்படுகை மீத்தேன் போன்றவற்றின் புதிய ஆய்வும் எடுப்பும். சாலை, மின்சாரம், குடிநீர் முதலான கட்டமைப்புப் பணிகளுக்கு விலக்கும் உண்டு. மீத்தேனுக்கு எதிராக எழுந்த போராட்டத்தின் பலன் அது. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது; வயலில் வீடு முளைப்பதை நிறுத்தும் வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. தஞ்சையிலும் மனையைத் தடுக்க 47-ஏ பிரிவும் முழுமைத் திட்டமும்தான். பெயரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்ட ஊர்கள் பல.

எங்கள் ஏரி பாதியாகச் சுருங்கிவிட்டது. ஈரநிலப் பாதுகாப்பு விதிகளில் புகார் கொடுக்கலாமா?
– செங்கல்பட்டு மாவட்ட வாசகர்

பெரும்பாலும் முடியாது. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் ஆற்றுப்படுகை, நெல்வயல், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலை ஆகியவற்றை விட்டுவிட்டன. தமிழ்நாட்டு ஏரி எல்லாமே மனிதர் கரை போட்டதுதானே! ராம்சார் தளமாகவோ (சர்வதேச ஈரநில ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இடம்) அரசு அறிவித்த ஈரநிலமாகவோ இருந்தால் மட்டும் கதை வேறு. 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பு, சுமார் 1,248 எக்டேர், அந்த விதிகளுக்குள் வருகிறது. அங்கே ஈரநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதும் ஆக்கிரமிப்பும் தடை. கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமும் தடை.

உங்கள் ஏரிக்கு வேறு கருவி. ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் வயல் பரப்பு) 40 எக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத் துறையின் ஏரி; குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி. முதல் வகைக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. நில அளவை செய்து, எல்லையை வெளியிட்டு, அறிவிப்பு கொடுத்து அகற்ற வேண்டும். இரண்டாம் வகைக்கு மீண்டும் 1905-ஆம் ஆண்டுச் சட்டம். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன 2005-ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் வழக்கின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள்.

ஆனால் ஏரி சாவது பெரும்பாலும் ஆக்கிரமிப்பில் தொடங்குவதில்லை. முன்கரையில், அதாவது ஏரி நீர் பரவும் உள்பக்க ஓரத்தில், பட்டா நிலம் இருக்கும். ஏரி நிறைந்தால் மூழ்கும், வற்றினால் பயிர் வைப்பார்கள். அது மனையாக விற்கப்படும். வீடு கட்டியவர் முதல் பெருமழையில் தண்ணீரில் நிற்பார். அடுத்த கோரிக்கை, உபரி நீர் வழியும் கலங்கலை ஓரடி தாழ்த்து என்பது, அல்லது ஓர் இரவில் யாரோ அதை உடைத்துவிடுவார்கள். 100 ஏக்கர் நீர்ப்பரவலில் கலங்கல் 30 சென்டிமீட்டர் இறங்கினால் 12 கோடி லிட்டர் சேமிப்பு போனது. ஆகவே காவல் காக்க வேண்டிய இடம் கரை அல்ல, முன்கரை. முழுக் கொள்ளளவு மட்டத்தை நில அளவர் வைத்துக் கல் நட்டுக் குறிக்கும்படி நீர்வளத் துறையிடம் எழுதிக் கேளுங்கள். அந்தக் கோட்டுக்குள் வரும் பட்டா எண்களின் பட்டியலை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கும்போது அந்தப் பட்டியல் பேசும்.

ஆயக்கட்டு வயல் போனால் ஏரியும் போகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மதகைத் திறக்க ஆள் இல்லாத ஏரி, அரசுக் கண்ணுக்கு வெறும் காலியிடம்.

"பண்ணை நிலம், 10 சென்ட், மாங்கன்றும் தேக்கும் வைத்துத் தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கலாமா? விவசாயத்தைக் காப்பாற்றியது போலவும் இருக்குமே!
– சென்னை வாசகி

காப்பாற்றியதாக ஆகாது. பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. அதில் கிணறு வெட்டவும் முடியாது, டிராக்டர் திரும்பவும் முடியாது. 22-ஏ பிரிவைத் தாண்டுவதற்காக "மனை" என்ற சொல்லைப் பத்திரத்தில் விட்டுவிட்டு, சென்ட் கணக்கில் விவசாய நிலமாக எழுதுகிறார்கள். பின்னால் வீடு கட்டப் போனால் அனுமதி வராது. சில இடங்களில் மொத்த நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு மட்டும் எழுதித் தருவார்கள். உங்கள் பத்து சென்ட் எது என்று எந்த வரைபடமும் சொல்லாது.

மூன்று கேள்வி கேளுங்கள். தனி உட்பிரிவும் தனிப் பட்டாவும் உண்டா? 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைத்திட்டம் என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் என்ன? "நாங்களே பராமரித்து ஆண்டுக்கு இவ்வளவு தருகிறோம்" என்றால், அது கூட்டு முதலீட்டுத் திட்டமாகிவிடலாம். செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு இருக்கிறதா? மூன்றாவது கேள்வியில் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும்.

முழுமைத் திட்ட வரைவு வந்தால் ஆட்சேபணை எப்படி எழுதுவது?
– கோவை வாசகர்

நகரைச் சுற்றியுள்ள வயலுக்கு இருபது ஆண்டு விதி எழுதப்படும் நேரம் அது. சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் முதல் மாதம் வரைபடத்தைப் படிக்கவே போய்விடும். அச்சிட்ட வரைபடத்தில் சர்வே எண் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஊர்ப் பகுதியின் பெரிய அளவுப் பிரதியையும், சர்வே எண் வாரியான நில உபயோகப் பட்டியலையும் அறிவிப்பு வந்த நாளே கேளுங்கள்.

ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே தாளைவிட, தங்கள் தங்கள் எண்ணைப் பற்றி ஐம்பது பேர் தனித்தனியே எழுதிய ஐம்பது தாள் மேல். ஒவ்வொன்றிலும் கிராமம், சர்வே எண், பரப்பு, இப்போதைய பயிர், நீர் ஆதாரம், வரைவில் போட்டிருக்கும் மண்டலம், நீங்கள் கேட்கும் மண்டலம், அதற்குக் காரணம். "விவசாயம் நாட்டின் முதுகெலும்பு" என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். கோப்பைப் பார்ப்பவருக்கு அது எந்த வேலையும் செய்யாது. நேரில் விசாரணை வேண்டும் என்று கடைசி வரியில் எழுதுங்கள்.

கேட்க வேண்டியவை: வேளாண் மண்டலம் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே ஆயக்கட்டாகத் தொடர வேண்டும். குடியிருப்புக்குள் மாட்டிக்கொண்ட பத்து ஏக்கர் வயலுக்கு வாய்க்காலும் மிஞ்சாது, நாற்று நட ஆளும் மிஞ்சாது. வரத்து வாய்க்கால், கலங்கல் ஓடை ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு தனி நிறத்தில் வர வேண்டும். புறவழிச்சாலையின் இருபுறமும் வேளாண் மண்டலமாகவே நீடிக்க வேண்டும். முதல் மனை முளைக்கும் இடம் அதுதான். உங்கள் மேற்கு எல்லைக் கிராமங்களில் பல ஹாக்கா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் 1990 முதல் உள்ளன; பட்டியலில் உள்ள கிராமத்தில் மனைப்பிரிவுக்கு அதன் அனுமதியும் வேண்டும் என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் பாதுகாப்பு நிலையானதும் அல்ல. சென்னையின் 2008-ஆம் ஆண்டு இரண்டாம் முழுமைத் திட்டத்தில் வேளாண் மண்டலம், செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்பு, பள்ளிக்கரணை, நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று தனித்தனி வகை போட்டார்கள். நல்ல வேலை. ஆனால் 32(4) பிரிவில் ஒவ்வொரு சர்வே எண்ணாக மறுவகைப்பாடு கேட்கலாம். அதற்கான பொது அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும். ஊரில் ஒருவர் அதற்காகவே தினமும் பத்திரிகை பார்க்க வேண்டும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 ஆக விரித்து 2022-இல் ஆணை வந்துவிட்டதால், இது காஞ்சிபுரம், திருவள்ளூர் வாசகர்களுக்கும் சேர்த்துத்தான்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?
– மதுரை மாவட்ட வாசகர்

அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. ஆனால் சர்வே எண்ணோடு எழுதிய தீர்மானம் கோப்பில் இருந்தால், அதைத் தாண்டிக் கையெழுத்திடும் அதிகாரி காரணம் எழுத வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகலை அன்றே வாங்குங்கள்.

நகர எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் நிலத்தை விற்றால் வரி என்கிறார்களே?
– ஈரோடு வாசகர்

மக்கள்தொகையைப் பொறுத்தது. உள்ளாட்சியில் 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கி.மீ., ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6 கி.மீ., அதற்கு மேல் 8 கி.மீ. தூரம் சாலை வழியே அல்ல, நேர்க்கோட்டில். அதற்கு வெளியே உள்ள விவசாய நிலத்தின் விற்பனைக்கு மூலதன ஆதாய வரி இல்லை. உள்ளே இருந்தால், இரண்டு ஆண்டாக விவசாயம் செய்த நிலத்தை விற்று, இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்கு உண்டு; புதிய நிலத்தை மூன்று ஆண்டு விற்கக் கூடாது. நகரத்தை ஒட்டிப் பயிர் செய்பவரை "விற்றுவிட்டுத் தள்ளிப் போ" என்று வரிச் சட்டமே தட்டிக் கொடுக்கிறது! மனையாகப் பிரித்து நீங்களே விற்றால் இந்தச் சலுகைகள் சிக்கலாகும். பிரிப்பதற்கு முன்பே தணிக்கையாளரைப் பாருங்கள்.

நேராகப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய்விடலாமா?
– காட்டாங்கொளத்தூர் வாசகர்

எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று முதலில் பிரியுங்கள். தீர்ப்பாயத்தின் அட்டவணையில் ஏழு சட்டங்கள்தான். நகர் ஊரமைப்புச் சட்டம் அதில் இல்லை. நன்செய்யை மனையாக்கியதை மட்டும் சொல்லிப் போனால் வாசலிலேயே திருப்பிவிடலாம். அதற்கு உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. ராம்சார் தளம், சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுவது, கழிவுநீரை ஏரியில் விடுவது போன்றவை என்றால் தீர்ப்பாயம் சரியான இடம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுமதிக் கோப்பின் நகல் கேட்டால் பதில் வர 30 நாள், வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொரு மாதம். ஆறு மாதக் கணக்கில் இதையும் கழித்துக்கொண்டு முதல் வாரமே அந்த மனுவை அனுப்பிவிடுங்கள்.